வால்வு சாக்கெட் கேட்டால் பைப் சாக்கெட் தருகிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குக் கொடியேறும் நவம்பர் கடைசியில் தொடங்கி கிறிஸ்துமஸ் காரல் முடிகிறவரை, குமரி மாவட்டத்தில் கிட்டார் ஆம்ப்ளிபையர்களுக்கு ஓய்வே கிடையாது. இரண்டு மழைக்காலமும் பாடகர் குழு அறையில் மூடிக் கிடந்த பெட்டியை எடுத்து வந்து கரண்டில் சொருகுவார்கள். அதில் கண்ணாடிக் குழாய் வால்வுகளால் இயங்கும் வால்வு ஆம்ப்ளிபையர் என்றால் பாதி நேரம் முதல் சத்தமே கரகரப்புதான். உடனே வால்வு போய்விட்டது என்று தீர்ப்பு எழுதி, ஆயிரக்கணக்கில் கொடுத்து புது ஜோடி வாங்கிப் போடுகிறார்கள். ஒரு வாரத்தில் அதே கரகரப்பு திரும்பி வருகிறது. கோளாறு பெரும்பாலும் வால்வின் பின்கள் சொருகி உட்காரும் பேஸில், அதாவது சாக்கெட்டில், இருக்கிறது. வால்வு விலையோடு வைத்துப் பார்த்தால் பேஸ் விலை ஒன்றுமே இல்லை. ஆனால் அதைத்தான் நம் ஊரில் வாங்க முடிவதில்லை.

வாங்க முடியாததற்குப் பாதிக் காரணம் நாம் கேட்கிற விதம். மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ ஹார்டுவேர் கடையில் 'வால்வு சாக்கெட்' என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கேட் வால்வையும் முக்கால் இஞ்ச் பி.வி.சி. சாக்கெட்டையும் எடுத்து வைப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. எலெக்ட்ரிக்கல் கடையில் 'எட்டு பின் ஆக்டல் பேஸ்' என்று சரியாகவே கேட்டாலும், மோட்டார் பேனலில் டைமருக்கும் ரிலேவுக்கும் போடுகிற பிளாஸ்டிக் பேஸ்தான் கைக்கு வரும். இதில் ஒரு வேடிக்கை, 6எல்6 வால்வு அதில் அச்சாகப் போய் உட்காரும். அளவு ஒன்றேதான். அதை நம்பி ஆம்ப்ளிபையரில் மாட்டிவிடக் கூடாது. அந்தப் பேஸின் மேல் 250 வோல்ட், மிஞ்சினால் 300 வோல்ட் என்று அச்சடித்திருக்கும். கிட்டார் ஆம்ப்ளிபையரில் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வுக்கு 400 முதல் 500 வோல்ட் டி.சி. வருகிறது, வாசிக்கும்போது அதன் ஆனோடு என்னும் தகட்டில் அது ஏறக்குறைய இரண்டு மடங்குவரை எகிறும். சூடு வேறு. அந்தப் பிளாஸ்டிக் இரண்டையும் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

ஆகவே 'ரேடியோ வால்வு பேஸ்' என்று கேளுங்கள். பழைய மெக்கானிக்குகளுக்கு அந்தப் பெயர்தான் பழக்கம். கேட்பதற்கு முன் கையில் மூன்று விவரம் இருக்க வேண்டும்: எத்தனை பின், பின்கள் நிற்கும் வட்டத்தின் விட்டம் என்ன, ஸ்குரூ துளைகளுக்கு நடுவே எவ்வளவு தூரம்.

கிட்டார் ஆம்ப்ளிபையரில் பெரும்பாலும் இரண்டே வகைதான். ஒன்று ஒன்பது பின் உள்ள நோவல். கிட்டார் சத்தத்தை முதலில் பெருக்கும் பிரீ ஆம்ப்பில் இருக்கும் 12ஏஎக்ஸ்7 (இதற்கே இ.சி.சி.83 என்றும் பெயர்), வாக்ஸ் ஏசி30-இல் நாலாக நிற்கும் இ.எல்.84 எல்லாம் இதில் உட்காருபவை. பின் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் தடிமன். வட்டத்தின் விட்டம் ஏறக்குறைய 11.9 மில்லிமீட்டர். பத்துப் பின்னுக்கான இடத்தில் ஒன்பதை வைத்து ஓர் இடத்தைக் காலியாக விட்டிருப்பார்கள், அதுதான் அடையாளம். மற்றது எட்டுப் பின் ஆக்டல். 1935-இலிருந்து இருக்கிற அமைப்பு. 6எல்6, 6வி6, இ.எல்.34, ஏ.சி.யை டி.சி.யாக்கும் ரெக்டிபையர் ஜிஇசட்34 எல்லாம் ஆக்டல். பின் 2.4 மில்லிமீட்டர் அளவுக்குத் தடியாக இருக்கும், வட்டம் 17.5 மில்லிமீட்டர், நடுவில் சாவி போன்ற ஒரு முண்டு. அந்த முண்டு உடைந்த வால்வைத் தயவுசெய்து பயன்படுத்த வேண்டாம். எந்தப் பக்கம் திருப்பிச் சொருகினாலும் உள்ளே போய்விடும். பிறகு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மச்சில் கிடக்கும் பழைய ரேடியோவிலிருந்து பேஸைக் கழற்றிக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பதுண்டு. பார்த்துக் கழற்றுங்கள். பழைய பிலிப்ஸ் பெட்டிகளில் எட்டுப் பின் இருக்கும், ஆனால் ஊசி போன்ற மெல்லிய பின்னாக இருக்கும். அது ரிம்லாக், ஆக்டல் இல்லை. ஏழு பின் சிறியது என்றால் பி7ஜி, வட்டம் 9.5 மில்லிமீட்டர், அதிலும் 12ஏஎக்ஸ்7 உட்காராது. ஆக்கர் கடைக்கு எடைக்குப் போகிற பழைய மைக் செட் வால்வு ஆம்ப்ளிபையர்களில் நல்ல ஆக்டல் பேஸ்கள் அகப்படலாம். அவை வெள்ளைப் பீங்கானாக இருந்தால் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்தலாம். பழுப்பு பேக்லைட் என்றால் ரெக்டிபையருக்கும் பவர் வால்வுக்கும் வேண்டவே வேண்டாம்.

காரணம் இருக்கிறது. பவர் வால்வின் ஆக்டல் பேஸில் இரண்டாம் பின் ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை), மூன்றாம் பின் ஆனோடு. ஒன்று தரைக்கு அருகே சில வோல்ட், பக்கத்தில் இருப்பது ஐந்நூறு வோல்ட். இடைவெளி சில மில்லிமீட்டர்தான். குளச்சல், முட்டம் பக்கம் கடற்காற்றில் வருகிற உப்பு அந்த இடைவெளியில் படியும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பது ஊறுகாய் போடுகிறவர்களுக்குத் தெரியும். அந்த ஈரப்படலத்தின் மேல் ஒரு தடவை பொறி தாவினால் பேக்லைட் கருகிக் கரியாகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும். அடுத்த பொறி அதே வழியில் போகும், கரிக்கோடு இன்னும் ஆழமாகும். துடைத்தோ சுரண்டியோ இதைச் சரிசெய்ய முடியாது. பேஸை மாற்றுவதுதான் வழி. பீங்கான் கருகாது. அதன் மேல் புகை படியும், துடைத்தால் போய்விடும். இந்த ஒரே காரணத்துக்காக, கடலிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிற ஆம்ப்ளிபையருக்குப் பீங்கான் தவிர வேறு எதையும் சொல்ல மாட்டோம்.

பொறி தாவுவதற்கு உப்பைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: ஸ்பீக்கர் ஜாக்கைப் பிடுங்கிவிட்டு வாசிப்பது. ஸ்பீக்கர் என்னும் லோடு இல்லாத அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் மின்னழுத்தம் ஆயிரங்களுக்கு எகிறும். அது வெளியேறும் வழி பேஸ்தான். மேடையில் யார் காலோ வயரில் தட்டி ஜாக் பிடுங்கிக்கொண்டால் முதலில் சுவிட்சை ஸ்டாண்ட்பைக்கு மாற்றி வால்வுக்குப் போகும் உயர் வோல்ட்டை நிறுத்த வேண்டும், பிறகுதான் ஜாக்கைத் தேட வேண்டும்.

இன்னொரு வகைப் பழுது பின்னைப் பிடிக்கிற கவ்வி தளர்வது. இ.எல்.34-இன் ஹீட்டர் 1.5 ஆம்பியர் இழுக்கிறது. கவ்வி தளர்ந்து அரை ஓம் தடை உண்டானால் அங்கேயே ஏறக்குறைய 0.7 வோல்ட் விழுந்துவிடும், ஒரு வாட் அளவுக்குச் சூடு அந்தச் சின்ன இடத்தில் இறங்கும். சூட்டில் ஸ்பிரிங் இன்னும் தளரும். இதைவிட மோசம், ஐந்தாம் பின் தளர்வது. அது கண்ட்ரோல் கிரிட். வால்வில் ஓடும் மின்சாரத்தை அடக்கிவைக்கும் நெகட்டிவ் வோல்ட், அதாவது பயாஸ், அந்த வழியாகத்தான் வருகிறது. தொடர்பு விட்டால் வால்வுக்குக் கடிவாளம் இல்லை. உள்ளே இருக்கும் சாம்பல் நிறத் தகடு பழுத்த இரும்பு மாதிரிச் சிவக்கும், பியூஸ் போகும், வால்வும் போகும். வாங்கிய வால்வு போலி என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகுமுன் ஐந்தாம் பின்னைப் பாருங்கள்.

கவ்வி தளர்ந்திருப்பது மட்டுமே குறை என்றால் பேஸை மாற்றக்கூட வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்து, கெப்பாசிட்டர்களில் தங்கியிருக்கும் மின்சாரத்தை இறக்கி (முறை பின்னால் வருகிறது), மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகு, தையல் ஊசியால் கவ்வியின் இரண்டு இதழ்களையும் மெதுவாக உள்பக்கம் நெருக்கினால் போதும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பல் இடுக்குப் பிரஷை நனைத்து ஒவ்வொரு துளையிலும் நாலு தடவை இழுங்கள். உப்புத்தாள் வேண்டாம், முலாம் போய்விடும். துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரேயும் வேண்டாம். அது விட்டுப்போகும் படலத்தில் தூசி ஒட்டும், சூட்டில் பிசினாகும். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவிய பேஸ்களும் உண்டு. என்ன சொல்ல.

கருகியிருக்கிறதா என்று கண்ணால் தெரியாவிட்டால் மோட்டார் வைண்டிங் கடைக்குப் போங்கள். எல்லா ஊரிலும் ஒன்று இருக்கிறது. அங்கே மின்கசிவு பார்க்கிற 500 வோல்ட் மெக்கர் மீட்டர் இருக்கும். வயர்கள் எல்லாவற்றையும் கழற்றிய வெறும் பேஸில் இரண்டாம், மூன்றாம் பின்னுக்கு நடுவே வைத்துப் பார்த்தால் நல்ல பீங்கானில் முள் முடிவிலிக்குப் போய் நிற்கும். கீழே இறங்கினால் ஒரு தடவை ஆல்கஹாலில் துடைத்து வெயிலில் காயவைத்துப் பாருங்கள். அப்போதும் இறங்கினால் தூக்கிப் போடலாம். சாதாரண மல்டிமீட்டர் இதற்கு உதவாது. ஒன்பது வோல்ட் பேட்டரிக்குத் தெரியாத கரிக்கோடு நானூறு வோல்ட்டுக்கு ராஜபாட்டையாகத் தெரியும்.

மாற்றுவது என்று முடிவானால், வாங்குமுன் ஆம்ப்ளிபையரின் உலோகச் சட்டமான சேசிஸில் உள்ள துளையை வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். நோவலுக்கு 22 மில்லிமீட்டர் துளை இருக்கலாம், 19-ம் இருக்கலாம். ஸ்குரூ இடைவெளி பெரும்பாலும் 28 மில்லிமீட்டரை ஒட்டி வரும். ஆக்டலில் 38 மில்லிமீட்டர் இடைவெளி பரவலாக உண்டு, ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். துளை பெரிதாகவும் பேஸ் சிறிதாகவும் அமைந்தால் ஒன்றரை மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் ஓர் இடைத்தட்டு வெட்டிக்கொள்ளலாம். லேத் பட்டறையில் அரை மணி நேர வேலை. எதிர்மாறாக இருந்தால் சேசிஸைக் குடைய வேண்டும், இரும்புத்தூள் உள்ளே விழும், அதைத் தவிர்ப்பது நல்லது.

பென்டர் புளூஸ் ஜூனியர், ஹாட் ராட் டீலக்ஸ் மாதிரி ஆம்ப்ளிபையர்களில் பேஸ் நேரே பிரிண்டட் போர்டில் சால்டர் செய்யப்பட்டிருக்கும். இவற்றுக்கு வேறு பேஸ். வால்வு சொருகும் பக்கம் ஒரே அளவாக இருந்தாலும், போர்டுக்குள் இறங்கும் கால்கள் அமைந்த வட்டம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பழைய பேஸின் கால்களை ஒரு வெள்ளைத்தாளில் அழுத்தி, பதிந்த புள்ளிகளைப் பென்சிலால் குறித்து, குறுக்கு அளவை எழுதி அந்தத் தாளோடு கடைக்குப் போனால் ஏமாற மாட்டீர்கள். போர்டிலிருந்து எடுக்கும்போது பேஸை முழுசாகக் காப்பாற்ற நினைக்காதீர்கள். கட்டரால் உடைத்து நொறுக்கி, கால்களை ஒவ்வொன்றாகச் சூடாக்கி உருவுங்கள். ஒன்பது காலையும் ஒன்றாக இழுத்தால் போர்டின் செம்பு வளையமும் சேர்ந்து வந்துவிடும்.

சேசிஸில் மாட்டுகிற வகையானால் வேலை எளிது, ஆனால் கவனப்பிசகு இதில்தான் அதிகம். முதலில் உயிருக்கான விஷயம்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பில்டர் கெப்பாசிட்டரில் நானூறு வோல்ட் நிற்கலாம். பத்துக் கிலோ ஓம், பத்து வாட் ரெசிஸ்டரில் நல்ல உறை போட்ட வயரைச் சேர்த்து, அரை நிமிடம் சேசிஸோடு இணைத்து இறக்குங்கள். பிறகு மீட்டரில் பாருங்கள். வீட்டில் ஷாக் அடித்தால் கரண்டை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதே என்ற தைரியம் இங்கே செல்லாது. டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் ஷாக் அடித்தால் அது விழாது.

பேஸைக் கழற்றுமுன் நாலு கோணத்தில் படம் எடுங்கள். சாவிப் பள்ளம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சேசிஸில் மார்க்கரால் கோடு போடுங்கள். புதிதும் அதே பக்கம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வயர் எட்டாது. 6எல்6 போட்ட பென்டர் ஆம்ப்ளிபையர்களில் ஒன்றாம், ஆறாம் பின்களுக்கு வால்வுக்குள் வேலை இல்லை. ஆகவே அவற்றை வயரும் ரெசிஸ்டரும் சேர்த்துக் கட்டும் முனையாகப் பயன்படுத்தியிருப்பார்கள். 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றாம் பின்னிலிருந்து ஐந்துக்கும், 470 ஓம் ரெசிஸ்டர் ஆறிலிருந்து நாலுக்கும் போகும். 'காலிப் பின்தானே' என்று வெட்டிவிட்டால் சத்தம் வராது. இ.எல்.34-இல் ஒன்றாம் பின் காலி இல்லை, அது சப்ரஸர் கிரிட். எட்டாம் பின்னோடு (கேதோடு) இணைக்க வேண்டும்.

பின்களை எண்ணுவது எப்போதும் அடியிலிருந்து பார்த்து, சாவியிலிருந்து (நோவலில் காலி இடத்திலிருந்து) தொடங்கிக் கடிகாரச் சுற்றில். மேலிருந்து பார்த்து அதே திசையில் எண்ணினால் கண்ணாடியில் பார்த்த மாதிரித் தலைகீழாகும். ஆக்டலில் இந்தத் தப்பு எவ்வளவு நயவஞ்சகமானது என்று பாருங்கள். இரண்டும் ஏழும் இடம் மாறும், ஆனால் இரண்டுமே ஹீட்டர். ஆகவே வால்வு அழகாக எரியும், எல்லாம் சரி என்று தோன்றும். அதேசமயம் நாலும் ஐந்தும் மாறியிருப்பதால் நாலாம் பின்னான ஸ்கிரீன் கிரிட்டுக்குப் போக வேண்டிய நானூறு வோல்ட் கண்ட்ரோல் கிரிட்டில் ஏறும், ஆனோடு வயர் ஆறாம் பின்னில் சும்மா நிற்கும். வால்வு சில வினாடிதான் தாங்கும். நோவலில் இப்படி மாற்றிப் போட்டால் ஹீட்டரே ஒழுங்காக எரியாது. தப்பு தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

சால்டர் வைக்கும்போது பேஸில் ஒரு செத்த வால்வைச் சொருகி வையுங்கள். சூட்டில் கவ்விகள் சாயாமல் இருக்கும். அறுபதுக்கு நாற்பது ஈயம், 50 வாட் அயர்ன், ஒரு பின்னுக்கு மூன்று நாலு வினாடி. அதிகம் ஊற்றினால் ஈயம் கவ்விக்குள் வழிந்து உறைந்துவிடும், பிறகு வால்வு இறங்காது. நோவல் பேஸின் கவ்விகள் கொஞ்சம் ஆடத்தான் வேண்டும். தடித்த ஒற்றைக் கம்பியால் விறைப்பாக இழுத்துக் கட்டினால் ஒன்பது பின்னில் ஒன்று கண்ணாடியை நெம்பும். மயிரிழை விரிசல் வழியாகக் காற்றுப் புகுந்தால் வால்வின் மேலே பளபளக்கும் வெள்ளிப்பூச்சு பால் வெள்ளையாகும். அத்துடன் அதன் கதை முடிந்தது. புதுப் பேஸ் மிக இறுக்கமாக இருந்தாலும் இதே ஆபத்து. செத்த வால்வைப் பத்துத் தடவை சொருகிக் கழற்றி இளக்கிக்கொள்ளுங்கள். தங்க முலாம் பூசியது என்று கூடுதல் விலை கேட்டால் கொடுக்க அவசியமில்லை. பார்க்க வேண்டியது கவ்வியின் பிடி.

ஆம்ப்ளிபையரும் ஸ்பீக்கரும் ஒன்றாக இருந்து, வால்வு தலைகீழாகத் தொங்குகிற காம்போ பெட்டி என்றால் பிடிப்புக் கிளிப்பும் கூடவே வாங்க வேண்டும். பிரீ ஆம்ப் பேஸில் உலோக மூடி மாட்டும் விளிம்பு இருந்ததா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடித்ததும் வால்வுகளைப் போடாமல், 60 வாட் குண்டு பல்பைத் தொடராகப் போட்ட சீரிஸ் போர்டு வழியாக ஆன் செய்யுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது. பல்பு ஒரு தடவை மின்னி மங்கினால் நல்லது, முழுசாக எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். மங்கிவிட்டது என்றால் ஒரு கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அளவுகளைப் பாருங்கள். பவர் வால்வின் ஆக்டல் பேஸில் இரண்டுக்கும் ஏழுக்கும் நடுவே 6.3 வோல்ட் ஏ.சி., சீரிஸ் போர்டில் கொஞ்சம் குறைவாகக் காட்டலாம். மூன்றிலும் நாலிலும் முழு ஹெச்.டி., அதாவது அந்த நானூறு ஐந்நூறு வோல்ட் டி.சி. (ரெக்டிபையரும் வால்வாக இருந்தால் அதைச் சொருகாமல் இது வராது); ஐந்தில் நெகட்டிவ் முப்பத்தைந்திலிருந்து ஐம்பதுக்குள். ஐந்தில் நெகட்டிவ் வராமல் வால்வைச் சொருகவே கூடாது. கேதோடு பயாஸ் உள்ள இ.எல்.84 ஆம்ப்ளிபையர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, அங்கே கிரிட் பூஜ்யத்தில்தான் இருக்கும்.

இப்போதைக்கு இந்தப் பேஸுக்காக நம்மவர்கள் திருவனந்தபுரத்தில் சாலைக் கம்போளம் என்கிற சந்தைக்கும், அங்கேயும் கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெருவுக்கும் ஆள் அனுப்புகிறார்கள். இல்லையென்றால் ஆன்லைனில் படத்தை மட்டும் பார்த்து வாங்கி, துளை பொருந்தாமல் திருப்பி அனுப்புகிறார்கள். நாகர்கோவிலில் எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சேசிஸில் மாட்டும் பீங்கான் நோவல் இருபது, பீங்கான் ஆக்டல் பத்து, போர்டில் மாட்டும் நோவல் பத்து, ஆக்டல் கிளிப் ஒரு டஜன்: இவ்வளவையும் மொத்தமாக வாங்கி ஒரு சின்ன டப்பாவில் போட்டுவைத்தால் மாவட்டத்துக்கு இரண்டு வருஷத்துக்குப் போதும். கெட்டுப்போகிற சரக்கில்லை. டப்பாவின் மேல் 'ரேடியோ வால்வு பேஸ்' என்று எழுதி, பக்கத்திலேயே துளை அளவையும் ஸ்குரூ இடைவெளியையும் எழுதி ஒட்டுங்கள். கவுண்டரில் நிற்கிற பையன் பைப் கடைக்கு வழி சொல்லாமல் இருப்பான்.

இப்படிக்கு,
வால்வு ஆம்ப்ளிபையர் பழுது பார்ப்போர்,
நாகர்கோவில்.